ஓநாயின் கண்ணீர்

ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதையை நாம் சிறுவயதிற் கேட்டிருக்கிறோம். 1998ஆம் ஆண்டில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் அக்கதை அரங்கேறிற்று. சிகரெட் விற்றுச் செல்வங் குவித்த பிலிப் மொறிஸ் நிறுவனம், 'சிந்தியுங்கள், புகைக்காதீர்கள்' என்று சிறுவருக்கு உபதேசிக்கப் புறப்பட்டது!

அவ்வுபதேசத்தின் சாரம் யாது? புகைத்தல் வளர்ந்தோர் காரியம். சிறுவருக்கு ஆகாது என்பதே. வளர்ந்தவனாக மதிக்கப்படவேண்டும் என்று ஏங்குவதே பதின்மூன்று வயதுப் பிள்ளையின் இயல்பு. அப்பிள்ளையிடம் இவ்வாறு கூறுவது தடையா, தூண்டிலா? புகையிலை கொல்லும் என்ற உண்மையை அவ்விளம்பரங்கள் பேசவில்லை. விற்பவனின் சூதையும் பேசவில்லை.

2000ஆம் ஆண்டில் வேறொரு குரல் எழுந்தது. சிகரெட் நிறுவனங்களிடம் மாநிலங்கள் வழக்காடிப் பெற்ற பணத்தில் உருவான அமைப்பொன்று, 'உண்மை' என்னும் பெயரில் பிரசாரம் தொடங்கிற்று. புகையிலை அங்கு நாள்தோறும் பலிகொள்வோர் தொகையைக் காட்ட, இளைஞர்கள் சிகரெட் நிறுவனமொன்றின் வாசலில் 1,200 பிணப்பைகளைக் குவித்தனர்.

விளைவை 2002இல் வெளியான ஆய்வு கூறிற்று. 'உண்மை'யைக் கண்ட சிறுவர் சிகரெட் நிறுவனங்களை வெறுத்தனர். பிலிப் மொறிஸ் விளம்பரத்தைக் கண்டோரோ அந்நிறுவனங்களை நல்லெண்ணத்துடன் நோக்கினர். புகைக்கும் எண்ணமும் அவர்களிடம் கூடியே காணப்பட்டது.

எனவே நாம் உரத்துச் சொல்கிறோம்: பிள்ளைகளை அதட்டுவது பிரசாரமன்று. அவர்களைச் சரக்காக்க முனையும் வியாபாரியின் முகமூடியைக் கிழிப்பதே பிரசாரம். மந்தையைக் காக்கும் கோலை ஓநாயிடம் ஒப்படைக்க நாம் சம்மதியோம்!