மதர்போர்டு போச்சாம்!

பந்தல்குடி பக்கம் ஒரு பழைய லேப்டாப் ஆன் ஆகவில்லையா? "மதர்போர்டு போச்சு, புதுசு வாங்கிடுங்க" என்று திறந்துகூடப் பார்க்காமல் தீர்ப்பு சொல்ல நாலு பேர் ரெடி!

2011 செப்டம்பரில் தமிழக அரசு கொடுக்கத் தொடங்கிய இலவச லேப்டாப்புகளில் பல, இந்த ஒரு தீர்ப்பால்தான் பரணுக்குப் போயிருக்கலாம்.

விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பா? சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றிவிட்டு, ராமை எடுத்துத் துடைத்து மறுபடி மாட்ட வேண்டும். பல நேரம் அதோடு சரி. சூடாகித் தானாக அணைகிறதா? ஃபேனில் கரிசல் புழுதி அடைத்திருக்கும், தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். தேதி தினமும் பின்னால் போனால் உள்ளே இருக்கும் காசு சைஸ் செல் தீர்ந்திருக்கும். ஆமை வேகமா? ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டால் ஓடும். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் விளையாட்டு வேண்டாம், உடனே மாற்ற வேண்டும்.

மதர்போர்டு போவதே இல்லையா? போகும். ஆனால் அது கடைசியில் வர வேண்டிய சந்தேகம். மழையை நம்பி விதைக்கிற வீட்டில் புது லேப்டாப் என்றால் கடன்தான்... அந்தக் கடனை வாங்கச் சொல்லும் முன் எதையெல்லாம் சோதித்தார்கள் என்று கேட்க வேண்டாமா?