டப்பாவில் அச்சிடாத பாதரசம்

"பாராபென் இல்லாத கிரீம் இருக்கா?" என்று கேட்டு வாங்குகிறவர்கள் இப்போது சிதம்பரத்திலும் உண்டு. கடலூர் லாரன்ஸ் சாலையில் ஒரு மருந்துக் கடையிலும், பிறகு சிதம்பரம் மேலவீதியிலும் மருந்தாளுநராக நின்றவள் நான். இப்படிக் கேட்பவர்களைப் பார்த்தால் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனாலும் அவர்களிடம் ஒன்று சொல்வேன். பாராபென் என்பது கிரீம் கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்ப்பது. ஐரோப்பிய ஒன்றியம்கூட மெத்தில் பாராபெனை 0.4 சதவீதம் வரை அனுமதிக்கிறது. டப்பாவில் அச்சிட்ட பெயரையாவது படித்துப் பார்த்து வேண்டாம் என்று வைத்துவிடலாம். அச்சிடாத பொருளை என்ன செய்வது?

கேரளத்தில் நடந்ததைப் பாருங்கள். மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் உள்ள ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனைக்கு 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரே வகைச் சிறுநீரக நோயுடன் 22 பேர் வந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு இருந்தது அதிலும் அரிதான ஒரு வகை. விசாரித்தபோது அந்த 15 பேரில் 13 பேர் முகத்தை வெளுப்பாக்கும் கிரீம் பூசியவர்கள் என்று தெரிந்தது. அந்த மருத்துவர்களின் கட்டுரை 'கிட்னி இன்டர்நேஷனல்' இதழில் வெளிவந்தது. கிரீமை நிறுத்தியதும் பெரும்பாலோர் தேறினார்கள் என்பது ஒன்றே ஆறுதல்.

குற்றவாளி பாதரசம். தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதை அது தடுக்கிறது. அதனால்தான் சில நாளிலேயே முகம் வெளுக்கிறது. அதே பாதரசம் தோல் வழியாக ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் போய்த் தங்குகிறது. வடிகட்டி பழுதாகிச் சிறுநீரில் புரதம் ஒழுகும், சிறுநீர் நுரைக்கும், முகமும் காலும் வீங்கும். பூசாதவர்களும் தப்புவதில்லை. ஒரே துண்டில் முகம் துடைக்கும் வீட்டில் கைக்குழந்தைக்கும் அது போய்ச் சேரும்.

சில டப்பாக்களில் ஒரு வரி இருக்கும்: தங்கம், வெள்ளி நகையில் படாமல் பூசவும். பாதரசம் தங்கத்தில் பட்டால் தங்கம் வெளிறிப்போகும், அதற்காகத்தான் இந்த எச்சரிக்கை. பாதரசம் கலந்த கிரீமுக்கு இது ஓர் அடையாளம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. நகைக்கு ஆகாது என்று எழுதத் தெரிந்தவனுக்கு, பெண்ணின் கன்னத்துக்கு ஆகாது என்று எழுத மனம் வரவில்லை.

இந்தியாவில் 2020ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகள் பாதரசம் சேர்ப்பதைத் தடை செய்கின்றன. தற்செயலாகக் கலந்தாலும், கண்ணுக்கான பூச்சுகள் தவிர மற்றவற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. தயாரித்தவர் முகவரி, உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி, சேர்மானப் பட்டியல் எல்லாம் டப்பாவில் இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதியாளர் முகவரியும் பதிவு எண்ணும் வேண்டும். ஊருக்கு வருபவர்களின் பெட்டியிலும் ஃபேன்சி ஸ்டோர் அலமாரியிலும் வந்து இறங்கும் பல டப்பாக்களில் இவற்றில் பாதிகூட இருப்பதில்லை.

இன்னொரு ஆபத்து எங்கள் தொழிலுக்குள்ளேயே இருக்கிறது. "அக்கா, பத்து நாள்ல முகம் பளிச்சுனு ஆவுமே, அந்த டியூப் குடுங்க. எங்க சித்தி பொண்ணு அதான் போடுது" என்று கேட்டு வரும் பெண்ணுக்குப் பெரும்பாலும் அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம் இருக்கும். அவள் கேட்பது அழகு கிரீமே இல்லை. மொமெட்டாசோன் என்ற ஸ்டீராய்டு, ஹைட்ரோகுயினோன், டிரெட்டினோயின் மூன்றும் கலந்த மருந்து அது. மங்குக்கு, தோல் மருத்துவர் கண்காணிப்பில், சில வாரங்களுக்கு மட்டும் பூச வேண்டியது. மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து ரத்த நாளம் தெரியும், கன்னத்தில் முடி வளரும், நிறுத்தினால் முகம் தீயாய் எரிந்து பருக்கள் கிளம்பும். எரிச்சல் தாங்காமல் மறுபடியும் அதையே பூசுவார்கள். நம் கடலோரப் புழுக்கத்தில் படர்தாமரைக்கும் இதே போன்ற ஸ்டீராய்டு கலந்த களிம்பைக் கேட்டு வாங்குகிறார்கள். அரிப்பு அடங்கும், படை பரவும்.

2018 மார்ச்சில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளை அட்டவணை எச்-இன் கீழ் கொண்டுவந்தது. மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது. ஆனால் நான் இல்லை என்று அனுப்பினால் நாலு கடை தள்ளி அவளுக்கு அது கிடைத்துவிடும். விற்பவருக்குச் சட்டம் தெரியாது என்று நான் நம்பவில்லை. இருபது வயதுப் பெண்ணின் முகத்தைப் பணயம் வைத்துச் சம்பாதிக்கும் காசு அது. பெண் பார்க்க வந்த இடத்தில் "கொஞ்சம் நிறம் கம்மி" என்று சொல்லிவிட்டுப் போகும் மாப்பிள்ளை வீட்டாருக்கும் இந்தப் பாவத்தில் பங்கு உண்டு.

2023இல் கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் கடை கடையாக அழகுசாதனப் பொருள்களைச் சோதித்தது. கடலூர் மாவட்டத்திலும் அப்படியொரு சோதனை வேண்டும். திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவிலும் சிதம்பரம் நான்கு வீதிகளிலும் மாதிரி எடுத்துப் பாதரச அளவைப் பார்க்க வேண்டும், முடிவைப் பேப்பரில் போட வேண்டும்.

வெளுப்பாக்கும் கிரீம் பூசுகிறவர்கள் யாருக்காவது காலையில் முகம் வீங்கியிருந்தாலோ சிறுநீர் நுரைத்தாலோ நாள் கடத்தாதீர்கள். அண்ணாமலை நகரில் உள்ள கடலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்ச் சிறுநீரில் புரதம் போகிறதா என்று பாருங்கள். போகும்போது அந்த டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள்.