கோடரியைக் காணும் சட்டம் நட்டவனைக் காணவில்லை

இந்நாட்டிலே மரத்தைப் பற்றிய சட்டங்களுக்குக் குறைவில்லை. 1907ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க வனக் கட்டளைச் சட்டம் திருத்தங்களோடு இன்றும் உயிர்வாழ்கின்றது. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டமும் இருக்கின்றது. பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவை நம் சொந்த வளவில் நின்றாலும் அனுமதியின்றி வீழ்த்தலாகாது என்பது அதன் ஆணை. இச்சட்டங்களை நாம் பழிக்கவில்லை. பஞ்ச காலத்தில் சோறிட்ட மரங்களைக் காப்பது அரசின் கடனே. ஆயின் ஒன்று கேட்கின்றோம்: வெட்டுவோனைத் தேடிப் பிடிக்கும் இவ்வேற்பாட்டில் நட்டு வளர்ப்போனுக்கு இடம் எங்கே?

1990ஆம் ஆண்டில் இயற்கைக் காடுகளில் வணிகத்துக்காக மரம் வெட்டுவது நிறுத்தப்பட்டது. நல்ல முடிவு. அன்று தொட்டு நாட்டின் மரத்தேவையைப் பெரும்பாலும் தாங்கி நிற்பவை வீட்டுத்தோட்டங்களும், இறப்பர், தென்னைத் தோட்டங்களும், அரசு நாட்டிய தேக்கங்காடுகளும், இறக்குமதியுமே. மரத்தொழிலின் எதிர்காலம் குடியானவனின் வேலிக்குள்ளே வந்துவிட்டதன்றோ! அவனோ தான் நட்ட தேக்கை அறுவை ஆலைக்கு ஏற்றிச் செல்வதற்கும் சீட்டுக் கேட்டுக் கந்தோர் கந்தோராக அலைகின்றான். சீட்டின்றி அகப்பட்டுக் குற்றவாளியாகக் காணப்பட்டால், கட்டளைச் சட்டத்தின் 40ஆம் பிரிவு வாகனத்தையும் பறிமுதல் செய்யும். வாகனம் பிறருடையதாயின், குற்றத்தைத் தடுக்க வேண்டிய எச்சரிக்கை யாவும் எடுத்ததாக உடைமையாளரே நிரூபித்தல் வேண்டும். காட்டைக் கொள்ளையிடும் பெருவணிகனுக்கு ஒரு லொறி போனால் மறு லொறி. வாடகைக்கு உழவு இயந்திரம் ஓட்டுபவனுக்கு அதுவே குடும்பத்தின் சீவியம். இவ்விருவரையும் ஒரே தராசில் நிறுத்திவிட்டு, வன்னி மக்களைப் பார்த்து மரம் நடுங்கள் என்று எந்த வாயால் சொல்வது?

பனையை எடுத்துக்கொள்வோம். ஒல்லாந்தர் காலத்திலேயே யாழ்ப்பாணத்துப் பனஞ்சலாகை கடல் கடந்து விலைபோயிற்று. நம் முன்னோர் வீடுகளின் வளையும் கைமரமும் பனையே. முற்றிய வைரத்தைக் கறையான் எளிதில் தீண்டாது. அப்பனைகளைப் போர் இலட்சக்கணக்கில் தின்றது. காவலரண்களுக்காக இரு தரப்பாரும் தோப்புத் தோப்பாகத் தறித்தபோது 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் சீட்டை எவரும் கேட்டாரில்லை! கூரை மாற்ற முனையும் ஏழையிடமே அது கேட்கப்படுகின்றது. 1978இல் பனை அபிவிருத்திச் சபை அமைந்தது. பனங்கட்டியும் ஓலைப் பொருளும் தும்பும் ஓரளவு கவனிப்புப் பெற்றன. பனை மரத்தொழிலோ பழைய வாளோடும் உளியோடும் நின்றுவிட்டது.

பனைக்கு வெளிப்புறத்தே வைரம், உள்ளே சோற்றி. பிளந்து வைரத்தை எடுத்தபின் மிகுதியை எறிவதே வழக்கம். குட்டைத் துண்டும் வளைந்த துண்டும் அடுப்புக்குப் போகும். அடர்த்தி பார்த்துத் தரம் பிரித்து, வைரத்தைக் கீலங்களாக அறுத்து, சூளையில் உலர்த்தி, பசையிட்டு அழுத்தினால் அத்துண்டுகளே அகன்ற பலகையாகும். இது கனவன்று. பிலிப்பைன்ஸ் நாட்டார் காய்ப்பு ஓய்ந்த தென்னையைக் கட்டட மரமாக்கினர். 1978இல் மணிலாவில் தொடங்கப்பட்ட தென்னை மாளிகை அதற்குச் சான்று. (அதைக் கட்டுவித்த மார்க்கோஸ் அம்மையாரின் படாடோபம் நமக்கு வேண்டா, தச்சரின் நுட்பம் போதும்.) இறப்பர் மரமும் ஒருகாலத்தில் விறகே. போறன் மருந்தேற்றிச் சூளையில் உலர்த்தக் கற்ற பின்னர் அது ஏற்றுமதித் தளபாடமாயிற்று.

மரம் வெட்டுமிடத்தில் கிடைப்பது கூலி. இலாபமெல்லாம் அறுத்து, உலர்த்தி, இழைத்துப் பொருளாக்குமிடத்திலே பிறக்கின்றது. ஆகவேதான் சூளையும் அறுவை ஆலையும் வன்னியிலே வேண்டும் என்கின்றோம். அரச மரக் கூட்டுத்தாபனம் வெட்டும் தேக்கில் ஒரு பங்கு உள்ளூர்த் தச்சர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு ஒதுக்கப்படல் வேண்டும். கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கின்றது. பனை வைரம் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதை அளந்து அட்டவணையாக வெளியிட அதனினும் தகுந்த இடம் யாது? அட்டவணை இருந்தால் பாடசாலைக் கூரைக்குப் பனையை எழுத எந்தப் பொறியியலாளரும் தயங்கமாட்டார்.

சட்டத்திலும் ஒரு திருத்தம் வேண்டும். தன் காணியில் மரம் நடுபவன் நட்ட அன்றே கிராம அலுவலரிடம் பதிவு செய்யட்டும். முற்றியபின் அப்பதிவே வெட்டுவதற்கும் ஏற்றிச் செல்வதற்கும் அனுமதியாகட்டும். முதிர்ந்த பெண்பனையை வெட்டுபவன் முன்னதாகவே அதற்கு ஈடாகப் பத்துக் கன்றுகளைக் காட்டட்டும். பதிவேடு இருக்குமிடத்தில் திருட்டு மரம் ஒளிந்துகொள்வதும் கடினம். இத்திருத்தத்துக்கு ஓர் உறுப்புரை போதும். அதை நாம் எழுதிக் கொடுக்கவும் ஆயத்தமாயிருக்கின்றோம். பாராளுமன்றத்தில் நம் பெயரால் அமர்ந்திருப்போர் அதைத் தனியுறுப்பினர் சட்டமூலமாகவேனும் சமர்ப்பிப்பார்களா?