டீசல் வண்டிக்கு மண்ணெண்ணெய் வைத்தியமா? ஆளை விடுங்க சாமி!

ஜனவரி வந்தா டெல்லியில நம்ம ஆளுங்க நாலு பேர் கூடுற இடத்துல ஒரே புலம்பல்தான்: "காலைல வண்டி ஸ்டார்ட்டே ஆகல சார்." உடனே ஒரு வைத்தியர் கிளம்புவார், "டேங்க்ல ரெண்டு லிட்டர் மண்ணெண்ணெய் ஊத்துங்க." இன்னொருத்தர், "கால் மணி நேரம் சும்மா ஓடவிட்டு அப்புறம் எடுங்க." ரெண்டுமே தப்பு மக்களே.

டீசல் எஞ்சின்ல ஸ்பார்க் பிளக் கிடையாது. காத்தை அமுக்குறப்ப வர்ற சூட்டுலதான் டீசல் பத்திக்கும். எஞ்சின் ஜில்லுன்னு கிடந்தா அந்தச் சூட்டை இரும்பே உறிஞ்சிடும். அதுக்குத்தான் குளோ பிளக். சாவியைத் திருப்பினதும் சுருள் கம்பி மாதிரி ஒரு மஞ்சள் விளக்கு எரியுதே, அது அணையுற வரைக்கும் பொறுங்க. சில நொடிதான். சென்னையிலயும் மதுரையிலயும் ஓட்டின கைக்கு அந்தப் பொறுமை பழக்கமில்ல. ஹெட்லைட், புளோயரை அணைச்சு, கிளட்சை மிதிச்சு ஸ்டார்ட் பண்ணுங்க. அப்பவும் முரண்டு பிடிச்சா பேட்டரியையும் குளோ பிளக்கையும் சோதிக்கச் சொல்லுங்க.

"லாரிக்காரங்க ஊத்துறாங்களே?" மலையில கடுங்குளிர்ல டீசல்ல இருக்கிற மெழுகு உறைஞ்சு ஃபில்டரை அடைக்கும், நிஜம்தான். ஆனா டெல்லிக் குளிர் 4, 5 டிகிரி. குளிர்கால டீசலுக்குத் தர அளவே தனியா இருக்கு. லடாக்குக்குன்னு மைனஸ் 33 டிகிரி வரை தாங்குற டீசலை இந்தியன் ஆயில் 2019-லயே கொண்டுவந்தாச்சு. இப்ப வர்ற காமன் ரெயில் பம்புக்கு டீசல்தான் மசகும். மண்ணெண்ணெய்க்கு அந்த வழவழப்பு போதாது. பம்பு தேஞ்சா செலவு யார் தலையில?

ரெண்டாவது வைத்தியம்தான் எனக்கு ஆத்திரமே. சும்மா நின்னு ஓடுற டீசல் எஞ்சின் சீக்கிரம் சூடேறாது. அரை நிமிஷம் விட்டு, மெதுவா ஓட்டிட்டுப் போனாலே சீக்கிரம் சூடாகிடும். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட ஆய்வு அமைப்பு 2012-லயே அறிவிச்சிருக்கு. ஏற்கனவே மூச்சு விட முடியாத ஊர். அந்தக் கால் மணி நேரப் புகை தரைத்தள வீட்டு ஜன்னல் வழியா உள்ளே போகுது, ஸ்கூல் வேனுக்கு நிக்கிற குழந்தைங்க மூக்குல ஏறுது. அதுல உங்க குழந்தையும் உண்டுங்க.

விளக்கு அணையுற வரைக்கும் பொறுக்க முடியாதவர், கால் மணி நேரம் அடுத்தவன் வீட்டுல புகை போடுறது எந்த ஊர் நியாயம்?