வாசலைப் பார்த்துத் திரும்பிப் போகிறவர்கள்

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. சிறு வியாபாரிகள் பலருக்கு இப்போது ஒரே கவலை. கணினி நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால், பழைய இயந்திரம் என்பதால் விண்டோஸ் 11 அதில் ஏற மறுக்கிறது. ஐந்து கணினிகளையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்க ஆயிரக்கணக்கில் வெள்ளி வேண்டும்.

லினக்ஸ் என்று ஒன்று உண்டு, பணம் கட்டத் தேவையில்லை என்று சொன்னால் ஆர்வமாகக் கேட்கிறார்கள். பிறகு அதன் இணையத்தளத்தைத் திறந்து பார்க்கிறார்கள். பலருடைய ஆர்வம் அங்கேயே பாதியாகிவிடுகிறது.

இதைச் சொன்னால் லினக்ஸ் அன்பர்களுக்குக் கோபம் வரும். சரக்கு நல்லதாக இருந்தால் போதாதா, வாசலில் தோரணம் வேறு கட்ட வேண்டுமா என்பார்கள். சர்வர் அறைகளைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது சரிதான். ஓபன்பிஎஸ்டி என்னும் இயங்குதளத்தின் இணையத்தளம் அலங்காரமே இல்லாதது. ஆனால், அதே குழு உருவாக்கிய ஓபன்எஸ்எஸ்எச் மென்பொருள் உலகெங்கும் சர்வர்களில் ஓடுகிறது. தொழில்நுட்பம் தெரிந்தவர் வாசலைப் பார்த்து முடிவெடுப்பதில்லை. ஐந்து கணினி வைத்திருக்கும் மளிகைக் கடைக்குத்தான் அப்படி ஓர் ஆள் கிடையாது. அங்கே முதலாளிக்கு அந்த இணையத்தளமே விற்பனையாளர்.

டெபியனையும் உபுண்டுவையும் எடுத்துக்கொள்ளுங்கள். டெபியன் 1993இல் தொடங்கியது, தன்னார்வலர்களின் உழைப்பு. உபுண்டு 2004இல் அந்த டெபியனை அடித்தளமாக வைத்தே உருவானது. ஏறக்குறைய ஒரே மாவில் சுட்ட இரண்டு தோசைகள். ஆனால், பொதுமக்களிடம் பேர் வாங்கியது உபுண்டு. அதற்குக் காரணங்கள் பல உண்டு. எளிதாக நிறுவ முடிந்ததும், பின்னால் கெனோனிக்கல் என்ற நிறுவனம் நின்றதும் முக்கியமானவை. வாசலுக்கும் அதில் பங்குண்டு என்பது என் கணிப்பு.

டெபியனின் முகப்புப் பக்கம் நெடுங்காலம் வெறும் இணைப்புகளின் குவியலாகத்தான் இருந்தது. 2020 டிசம்பரில்தான் அதற்குப் புதிய தோற்றம் வந்தது. அதைவிடப் பெரிய தொல்லை ஒன்றும் இருந்தது. பல மடிக்கணினிகளில் வைஃபை வேலை செய்ய, தயாரிப்பாளர் தரும் ஃபெர்ம்வேர் தேவை. அது கட்டற்ற மென்பொருள் அல்ல என்பதால், டெபியன் தன் அதிகாரபூர்வ நிறுவல் கோப்பில் அதைச் சேர்க்கவில்லை. அது அடங்கிய கோப்பு தனியாக வேறொரு பக்கத்தில் கிடந்தது. விவரம் தெரிந்தவர் தேடி எடுத்தார். தெரியாதவர் முன்னால் இருந்ததை இறக்கி நிறுவி, வைஃபை வராமல் “லினக்ஸே இப்படித்தான்” என்று முடிவு கட்டினார். 2023 ஜூனில் வந்த டெபியன் 12தான் இதைச் சரிசெய்தது. கொள்கைக்காகச் செய்தார்கள் என்பதை மதிக்கிறேன். ஆனால், அந்தக் கொள்கையின் விலையைக் கொடுத்தவர் ஒன்றும் அறியாத புதியவர்.

வியாபாரி தேடுவது வண்ணமும் அசையும் படங்களும் அல்ல. எத்தனை ஆண்டு ஆதரவு, பிரச்சினை வந்தால் யாரைக் கூப்பிடுவது, அதற்கு எவ்வளவு செலவு என்பதுதான். உபுண்டுவின் எல்டிஎஸ் பதிப்புக்கு ஐந்து ஆண்டு மேம்பாடுகள் கிடைக்கும். உபுண்டு புரோவில் பதிவு செய்தால் அது பத்து ஆண்டாகும். ஐந்து கணினி வரை அதற்குக் கட்டணமும் இல்லை. இந்தத் தகவல் முதல் பக்கத்திலேயே கண்ணில் பட்டால் கடைக்காரர் நின்று படிப்பார்.

அழகான வாசலை மட்டும் நம்பவும் முடியாது. 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் இணையத்தளத்துக்குள் புகுந்தவர்கள், பதிவிறக்க இணைப்பையே மாற்றி, பின்கதவு வைத்த கோப்பைக் கொடுத்தார்கள். இறக்கிய கோப்பு அசல்தானா என்று சரிபார்க்கும் வழியை இணையத்தளங்கள் ஒரு மூலையில் ஒளித்துவைக்காமல் பொத்தானுக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டும். சென்ட்ஓஎஸ் கதை வேறு மாதிரி. அதன் எட்டாம் பதிப்பை 2029 வரை கிடைக்கும் என்று நம்பி ஏற்றவர்களிடம், 2021 இறுதியோடு சரி என்று 2020 டிசம்பரில் சொல்லிவிட்டார்கள். வாக்கு மாறிய கடையில் வாசல் எப்படி இருந்தால் என்ன?

நம் ஊர் வியாபாரிக்கு இன்னொரு சிக்கல் உண்டு. எந்த லினக்ஸ் தளமும் அதைப் பற்றிப் பேசாது. இங்கே புழங்கும் கணக்கு மென்பொருள்கள் பல விண்டோசுக்காகவே எழுதப்பட்டவை. மின் விலைப்பட்டியலுக்கான மைஇன்வாய்ஸ் தளத்தை உலாவியிலேயே பயன்படுத்தலாம். அதற்கு லினக்ஸ் தடையில்லை. கணக்கு மென்பொருளும் ரசீது அச்சுப்பொறியும்தான் சந்தேகம். ஆகவே, பழைய விண்டோசை உடனே அழித்துவிடாதீர்கள். உபுண்டுவையோ மின்ட்டையோ ஒரு யுஎஸ்பியில் ஏற்றி, அதிலிருந்தே ஒரு கணினியை இயக்கிப் பாருங்கள். வைஃபை வருகிறதா என்று பார்த்து, ஒரு ரசீதை அச்சடித்துப் பாருங்கள். கணக்கு மென்பொருள் விற்றவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.