கடன் சுமக்காத கடிதம்



ஒரு கடிதத்துக்கான கட்டணத்தைச் செலுத்த வேண்டியவர் யார்? எழுதியவரா, பெறுபவரா? இன்று இக்கேள்வி விந்தையாகத் தோன்றலாம். ஆனால் 1840-ஆம் ஆண்டுக்கு முன் இங்கிலாந்தில் பெரும்பாலும் பெறுபவரே அதனைச் செலுத்தி வந்தார். கடிதம் கடந்து வந்த தொலைவையும், அதிலுள்ள தாள்களின் எண்ணிக்கையையும் கொண்டு கட்டணம் கணக்கிடப்பட்டது. உறையும் ஒரு தாளாகவே எண்ணப்பட்டது. தொலைவிலுள்ள மகனின் கடிதம் வாசலுக்கு வந்தும், கையில் காசில்லாத ஏழைத் தாய் அதனை வாங்க இயலாது திருப்பியனுப்ப நேர்ந்தது.

இந்நிலையை மாற்ற முனைந்தவர் ரோலண்டு ஹில் என்பவர். 1837-இல் அவர் வெளியிட்ட சீர்திருத்தத் திட்டத்தின் பயனாக, 1840 ஜனவரி 10 முதல் அரை அவுன்சு வரை எடையுள்ள கடிதம் நாட்டின் எம்மூலைக்கும் ஒரு பென்னிக்குச் சென்றது. அவ்வாண்டு மே 6 முதல் தபால் தலையும் வழக்கிற்கு வந்தது. அனுப்புவோரே முன்கூட்டிச் செலுத்துதல் என்பது அன்று வேரூன்றிய நெறியாகும்.

அதன்பின் நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக எடையே கட்டணத்தை நிர்ணயித்தது. ஆயின், கைகள் செய்த பணியை இயந்திரங்கள் ஏற்றபோது வடிவமும் முக்கியமாயிற்று. 2006 ஆகஸ்டு 21 முதல் பிரிட்டிஷ் தபால் துறை அளவையும் கணக்கில் கொள்ளலாயிற்று. 240 மில்லிமீட்டர் நீளம், 165 மில்லிமீட்டர் அகலம், 5 மில்லிமீட்டர் கனம், 100 கிராம் எடை ஆகிய வரம்புகளுக்குள் அடங்குவதே சாதாரணக் கடிதம். இவற்றுள் ஒன்றை மீறினாலும் அது 'பெரிய கடிதம்' ஆகிவிடும். இறகைப் போல் இலேசான வாழ்த்து அட்டையும், மேலே ஒட்டிய தடித்த நாடா முடிச்சினால் கூடுதல் கட்டணத்துக்கு ஆளாகும்!

அமெரிக்காவிலோ உறையின் உருவமே ஆராயப்படுகிறது. நீளத்தை உயரத்தால் வகுத்தால் கிடைக்கும் எண் 1.3-க்கும் 2.5-க்கும் இடையே இருத்தல் வேண்டும். 7 அங்குல நீளமும் 5 அங்குல உயரமும் உள்ள உறைக்கு 1.4 வரும், தடையில்லை. சதுர உறைக்கு 1 மட்டுமே வருவதால் கூடுதல் கட்டணம் உண்டு. காரணம் எளிது. நாற்புறமும் ஒத்திருக்கும் உறை இயந்திரத்தில் புரண்டுவிட்டால், முகவரி பக்கவாட்டில் திரும்பிவிடும்; இயந்திரத்தால் அதனைப் படிக்க இயலாது. பின்னர் மனிதர் கையால்தான் பிரித்தாக வேண்டும். இத்தகைய அட்டைகளுக்கென 2010-இல் வண்ணத்துப்பூச்சி படம் பொறித்த 64 சென்ட் தபால் தலையொன்று வெளியாயிற்று. அப்போதைய சாதாரணக் கட்டணம் 44 சென்ட். மிகுதி 20 சென்ட் கையுழைப்புக்கு உரியது.

மிகுந்த உழைப்புக்கு மிகுந்த கூலி கேட்பது நியாயமே. ஆனால் அனுப்புபவர் இவ்விதியை அறியாது குறைந்த தலையை ஒட்டிவிட்டால் நிகழ்வது யாது? பிரிட்டனில் பெறுபவருக்கு அறிவிப்புச் சீட்டு வரும். குறைவுத் தொகையுடன் கையாளும் செலவையும் அவரே செலுத்திக் கடிதத்தைப் பெற வேண்டும். ரோலண்டு ஹில் எந்தச் சுமையை ஏழைத் தாயின் தோளினின்று இறக்கினாரோ, அதே சுமையை நம் கவனக்குறைவு மீண்டும் அவள் தோளில் ஏற்றிவிடுகிறது. தனித்து வாழும் முதியவர் ஒருவருக்கு நாம் அன்புடன் அனுப்பும் வாழ்த்து, கடன் சீட்டாக அவர் கதவைத் தட்டலாமா?

ஆகவே, அயல்நாட்டில் வாழும் நம் பிள்ளைகளும் உறவினரும் கிறிஸ்மஸ் அட்டையோ திருமண அழைப்போ தெரிவு செய்யும்போது, அழகை மட்டும் நோக்காது அளவையும் நோக்குவார்களாக. அச்சிடக் கொடுக்கும் முன்னரே மாதிரி உறையொன்றைத் தபால் நிலையத்தில் காட்டி அளந்து பார்ப்பது நன்று. அன்பின் செய்தி, பெறுபவரிடம் மகிழ்ச்சியை மட்டுமே கொண்டு சேர்க்கட்டும்.