பள்ளிப் பருவத்தில் தவறிய ஊசி, முப்பதில் பழுதான இதயம்

கன்னிவாடியைப் போன்ற மலையடிவார ஊர்களில், நாற்பது வயதுக்குள் மூச்சிரைத்து உட்கார்ந்துவிடும் கூலித் தொழிலாளியைப் பார்த்து, ‘உழைத்து ஓய்ந்த உடம்பு’ என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அந்நோய் பல நேரங்களில் பள்ளிப் பருவத்திலேயே தொடங்கியிருக்கும்.

ருமாட்டிக் காய்ச்சல் இதற்குத் தெளிவான சான்று. ஐந்து முதல் பதினைந்து வயதுக்குள் வரும் ஒருவகைத் தொண்டைத் தொற்றுக்கு உரிய மருந்து தரப்படாவிட்டால், சில குழந்தைகளுக்கு இக்காய்ச்சல் வந்து இதய வால்வைச் சிதைக்கிறது. நெருக்கடியான குடியிருப்புகளில் தொற்று எளிதில் பரவும். ஊருக்கு வெளியே குறுகிய நிலத்தில் சேரிகளை ஒதுக்கிவைத்தது சாதி. ஆகவே இது வறுமையின் நோய் மட்டுமன்று. ஒருமுறை காய்ச்சல் வந்த குழந்தைக்கு மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை, பல ஆண்டுகள் பென்சிலின் ஊசி போட வேண்டும். அது தடைபட்டால் வால்வு மேலும் பழுதடையக்கூடும்; சில பெண்களுக்கு அப்பழுது பேறுகாலத்தில்தான் தெரியவருகிறது.

இரத்தசோகையும் இத்தகையதே. 2019-21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 விழுக்காட்டினருக்கும், 15-49 வயதுப் பெண்களில் 53 விழுக்காட்டினருக்கும் இரத்தசோகை இருந்தது. இரத்தசோகையுடன் வளரும் சிறுமி, அதே குறையுடன் தாயாகிறாள். எடை குறைந்த குழந்தையைப் பெறும் ஆபத்து அவளுக்கு அதிகம். அவ்வாறு பிறக்கும் குழந்தைகளுக்குப் பிற்காலத்தில் நீரிழிவும் இதயநோயும் வரும் வாய்ப்பு கூடுகிறது.

திட்டங்கள் இல்லாமல் இல்லை. பிறப்பு முதல் 18 வயது வரையிலானோரைப் பரிசோதிக்க 2013இல் ஆர்.பி.எஸ்.கே. திட்டம் தொடங்கப்பட்டது. நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டில் இருமுறையும், அரசுப் பள்ளிக்கு ஒருமுறையும் வர வேண்டும். வளரிளம் பருவத்தினருக்கு வாரந்தோறும் இரும்புச்சத்து மாத்திரையும் உண்டு. ஆனால் இவை பெரிதும் பள்ளி வருகைப் பதிவேட்டைச் சார்ந்தவை. படிப்பை நிறுத்தும் பிள்ளை மருத்துவரின் பார்வையிலிருந்தும் மறைந்துவிடுகிறாள். திண்டுக்கல் மாவட்டத்து நூற்பாலைகளுக்கு இளம்வயதிலேயே வேலைக்குச் சென்றவர்களுள் தலித் பெண்கள் கணிசமானோர். பரிசோதனை மிகவும் தேவைப்படும் வயதில் அவர்களுக்குக் கிடைப்பது பஞ்சுத்தூசி. அது நுரையீரலில் விட்டுச்செல்லும் பாதிப்பு பிற்காலத்திலும் தொடரக்கூடும்.

சேவை வாசல்வரை வந்தாலும் தீண்டாமை குறுக்கே நிற்கிறது. குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் தலித் குழந்தைகளிடையே சங்கமித்ரா ஆச்சார்யா நடத்தி 2010இல் வெளியான ஆய்வு, மருந்து கொடுக்கும்போதும் உடலைத் தொட்டுப் பரிசோதிக்கும்போதும் பாகுபாடு நிகழ்வதைப் பதிவுசெய்தது. தமிழ்நாட்டில் அப்படி இல்லை என்று ஆய்வு செய்யாமலே சொல்லிவிட முடியாது.

ஆகவே கேள்விகளைக் கூர்மையாக்குவோம். ரெட்டியார்சத்திரம் வட்டாரத்தில் மருத்துவக் குழு எத்தனை பள்ளிகளுக்குச் சென்றது? மேல்சிகிச்சைக்கு அனுப்பப்பட்டோரில் எத்தனை பேர் சிகிச்சையை முடித்தனர்? அவர்களுள் பட்டியல் சாதியினர் எத்தனை பேர்? பள்ளியை விட்டு நின்றவர்களை யார் தேடிச் செல்கிறார்கள்? திண்டுக்கல் அரசு மருத்துவமனைக்குப் பிள்ளையை அழைத்துச் செல்லும் நாளில் தாய் இழக்கும் கூலிக்கு யார் பொறுப்பு? 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு மாணவரே இக்கணக்கைக் கேட்கலாம். பரிசோதித்தோர் எண்ணிக்கையை மட்டும் காட்டும் அறிக்கை போதாது. நோய் நீங்கியோர் எண்ணிக்கையைச் சாதிவாரியாக வெளியிட வேண்டும். பன்னிரண்டு வயதில் மறுக்கப்படும் மருத்துவத்தை நாற்பது வயதில் வழங்கும் காப்பீட்டு அட்டையால் ஈடுசெய்ய முடியாது.